அப்பாவின் நினைவு மலர்: பாளையங்கோட்டை அச்சுக்கடை ஒன்றின் சேவை

என் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைவான 2025 பிப்ரவரியில், எங்கள் ஆலயத்தில் நடைபெற்ற நினைவு ஸ்தோத்திர ஆராதனைக்கு வந்தவர்களின் கையில் கொடுப்பதற்காக 48 பக்கங்கள் கொண்ட நினைவு மலர் ஒன்றை அச்சிட்டோம். தட்டச்சு, பழைய படங்களைச் சரிசெய்தல், பக்க அமைப்பு, அச்சு, பின் அடித்தல் ஆகிய எல்லாவற்றையும் பாளையங்கோட்டைத் தெற்கு பஜாரை ஒட்டியுள்ள ஒரு சிறிய அச்சுக்கடை செய்து கொடுத்தது. திருமண அழைப்பிதழும் பில் புத்தகமும் அச்சிடும் அந்தக் கடைக்கு நினைவு மலரும் அன்றாட வேலைதான். உள்ளே நுழைந்தால் இடதுபக்கச் சுவரில் தாம்பூலப்பை மாதிரிகளும், அதற்கு நேர் எதிரே கண்ணீர் அஞ்சலிப் பதாகை மாதிரிகளும் தொங்கிக்கொண்டிருக்கும். பாராட்டும் குறையும் சேர்ந்தே வரப்போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த வேலைக்கு வேறு எந்தக் கடையைத் தேடிப் போகிறவர்களுக்கும் இங்கே சொல்லப்படுபவற்றில் பாதிக்கு மேல் பயன்படும் என்று நம்புகிறேன்.

நினைவு மலர் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தார் இறப்பின் 31ஆம் நாளுக்கு வெளியிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூல் எப்படி அவர்களுக்கு இயல்பானதோ, அப்படியே இங்கு ஆராதனை முறைமை, பாடல்கள், வாழ்க்கைக் குறிப்பு, குடும்பப் படங்கள், வம்ச அட்டவணை ஆகியவற்றைச் சேர்த்து அச்சிடுவது இயல்பானது. ஆராதனை முறைமையை முழுதாக அச்சிடுவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. அப்பா, ஊரில் இன்னமும் ஹார்வி மில் என்றே சொல்லப்படும் விக்கிரமசிங்கபுரம் மதுரா கோட்ஸ் ஆலையில் 1968 முதல் 2004 வரை வேலை பார்த்தவர். அவருடன் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் இஸ்லாமியர்களும் ஆவர். எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது, பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் கையிலிருக்கும் புத்தகத்திலேயே தெரிந்தால் அவர்கள் கூச்சமின்றி உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துக்க வீட்டில் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கடையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே அமைத்து வைத்திருக்கும் 16 பக்க வண்ணப் புத்தகம். பெயர், தேதி, படங்களை மட்டும் மாற்றி மூன்றே நாளில் 200 பிரதிகளை ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் தந்துவிடுவார்கள். மற்றது நாமே எழுதித் தொகுத்துத் தரும் புத்தகம். எங்களுடையது 300 பிரதிகள், பிரதிக்கு 82 ரூபாய் வீதம் 24,600 ரூபாய். அதற்கு மேல் தட்டச்சுக்குப் பக்கத்துக்கு 50 ரூபாய், சேதமடைந்த படம் ஒன்றைச் சரிசெய்ய 150 ரூபாய். 32 பக்கத் தட்டச்சும் 11 படங்களும் சேர்ந்து மொத்தம் 27,850 ரூபாய் ஆயிற்று. பாதி முன்பணம், மீதி புத்தகத்தை எடுக்கும்போது. முன்னூறு பிரதிகளுக்குக் குறைவாக அடித்தால் பிரதிக்கான விலை ஏறிவிடும் என்று முதலிலேயே சொன்னார்கள். பிளேட் எனப்படும் அச்சுத் தகட்டின் செலவு எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதான் என்பதால் அது நியாயமான கணக்கே.

நாங்களும் முதலில் மூன்று நாள் புத்தகத்தைத்தான் கேட்டோம். என் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான்; எழுதித் தொகுக்க யாருக்கும் நேரமில்லை என்பது அவன் கருத்து. கடைக்கார அண்ணாச்சி கணினியில் மாதிரிகளைத் திறந்து காட்டினார். மேகத்தைப் பிளந்துகொண்டு மேலே போகும் ஒரு படிக்கட்டு, சூரிய உதயத்தின் மேல் ஒரு புறா, உருகும் மெழுகுவர்த்தியின் அருகே திறந்திருக்கும் ஒரு வேதாகமம் என்று அட்டைகள் மூன்று வகை. உள்ளே வாழ்க்கைக் குறிப்பும் தயாராகவே இருந்தது. ‘அன்பின் உருவமாய், பண்பின் சிகரமாய், ஜெப வீரராய், ஆலய ஆராதனைகளில் தவறாது பங்கேற்று, இனிய குரலில் பாடி, ஏழைகளின் நண்பராய் வாழ்ந்த எங்கள் பாசமிகு தந்தையார்’ என்று தொடங்கிய அந்தப் பத்தியில் பெயருக்கும் ஊருக்கும் மட்டும் புள்ளிக்கோடு விடப்பட்டிருந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் எதுவும் பொய்யில்லை. இருந்தாலும் ‘இனிய குரலில் பாடி’ என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கக் காரியத்துக்கு வந்து சிரித்ததற்காக அண்ணாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பியவர்தான் தட்டச்சு செய்யும் அக்கா. ஐம்பது வயதைக் கடந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கடையில் இருக்கிறார். என்னவென்று கேட்டார். முப்பத்தாறு ஆண்டுகள் ஸ்பின்னிங் இயந்திரங்களுக்கு நடுவே நின்றதில் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்றும், அதனால் ஆலயத்தில் பாட்டுக்காரர்கள் அடுத்த அடிக்குப் போன பிறகும் அவர் முந்தைய அடியிலேயே, அதுவும் கூரை அதிரும் குரலில் நிற்பார் என்றும் சொன்னேன். அவர் உடனே, “எங்க கைக்கு வர்ற எல்லா வீட்டு அப்பாவும் ஒரே அப்பாவா இருக்காங்கம்மா. இதை எழுதிக் கொண்டாங்க, நான் அடிச்சுத் தாறேன்” என்றார். மூன்று நாள் புத்தகத்தை நாங்கள் கைவிட்டது அந்த ஒரு வாக்கியத்தால்தான். இந்தக் கடையின் சேவை என்று நான் பாராட்டுவதில் பெரும்பங்கு, விலைப்பட்டியலில் எங்கும் எழுதப்பட்டிராத இந்த வேலைக்குத்தான் சேரும்.

அக்கா கேட்கும் கேள்விகள் நாம் எதிர்பார்ப்பவை அல்ல. என்னென்ன பொறுப்புகள் வகித்தார், எந்தெந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்கிறார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எந்த இடத்தில் உட்காருவார், யாருக்குப் பக்கத்தில், ஆராதனை முடிந்து வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும், வழியில் எங்கே நிற்பார் என்று கேட்கிறார். அப்பா உட்காருவது தெற்குப்பக்கத் தூணை ஒட்டிய மூன்றாவது பெஞ்சு. சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து, காதோரத்தில் ஒட்டிய பஞ்சுத் தூசியைக்கூட முழுதாகக் கழுவாமல், வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்காரும் மனிதருக்குப் பிரசங்கம் தொடங்கியதும் தலை தூணில் சாய்ந்துவிடும். காணிக்கைப் பாட்டின் முதல் அடிக்கு யாரும் தொடாமலேயே எழுந்து, காணிக்கைப் பையை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடக்கத் தொடங்கிவிடுவார். இதை நான் சொன்னபோது, அச்சில் வரக்கூடிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மலரில் இப்போது அது முழுப் பத்தியாக இருக்கிறது. ‘ஆராதனைகளில் தவறாது பங்கேற்றார்’ என்பதற்குப் பதிலாக, தூங்குவதற்காகவாவது வீட்டில் படுக்காமல் ஆலயத்துக்கு வந்தவர் என்று அவருடன் காணிக்கை எண்ணிய ஒருவர் எழுதியிருக்கிறார்.

இப்படியே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அம்மா தினமும் உலையில் அரிசி போடும்போது கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதை அளந்து, பையில் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்து ஆலயத்துக்குக் கொண்டுபோவது அப்பாவின் வேலை. அளக்கும்போது பானையில் குறைவாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அரிசி டப்பாவிலிருந்து இரண்டு படி அள்ளிச் சேர்த்துவிடுவார். மாதக் கடைசியில் அம்மா எங்களுக்குக் கஞ்சி வைப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு பூசணிக்காய்க்காகப் போட்டி நடக்கும். சந்தையில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் காயை முந்நூறு வரை ஏற்றிவிட்டு, வென்றவர் அதை ஆலயத்தின் பொது விருந்தான அசனத்துச் சமையலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார். இரவில் குடும்ப ஜெபத்தில் நாங்கள் ஆளுக்கு இரண்டு வசனமாக அதிகாரத்தை வாசிக்க வேண்டும். வம்ச வரலாற்று அதிகாரங்கள் வரும் இரவுகளில் அந்தப் பெயர்களை உச்சரிக்கத் திணறும் என் தம்பியைக் கண்டு அப்பாவே சிரித்துவிடுவார், அதன் பிறகு யாராலும் ஜெபம் பண்ண முடியாது.

அவருடைய கணக்கு நோட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பளத்திலும் தீபாவளி போனஸிலும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் எடுத்த கணக்கை நாற்பது பக்க நோட்டுகளில் மாதவாரியாக எழுதி வைத்திருந்தார். அதில் ஆலயத்துக்குக் கொடுத்தது ஒரு பத்தியிலும், ‘மற்றவை’ என்ற தலைப்பில் வேறொரு பத்தியிலும் இருக்கும். அந்த ‘மற்றவை’ எங்கள் யாருக்கும் தெரியாது. பெயர்கள் இல்லாமல், ‘பரீட்சைக் கட்டணம் 40’, ‘ஆஸ்பத்திரி பஸ் செலவு 12’, ‘கார்டிங் செக்‌ஷன், கண்ணாடி 150’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போடலாம் என்றதும் அக்காதான். ஆராதனைக்கு வந்திருந்த ஆலை நண்பர்களில் ஒருவர், தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கார்டிங் பிரிவில் இருந்தவர். நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரே ஓரிடத்தில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சேகரக் கமிட்டித் தேர்தலையொட்டி எழுந்த ஒரு மனத்தாங்கலில் அப்பா மூன்று ஆண்டுகள் எந்தப் பொறுப்பையும் ஏற்காமல் ஒதுங்கியிருந்தார். ஆராதனைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் மூன்றாவது பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுக்கு மாறிவிட்டார். இதை எழுதக் கூடாது, உயிரோடு இருப்பவர்கள் மனம் நோகும் என்று தம்பி சொன்னான். அந்த மூன்று ஆண்டுகளை விட்டுவிட்டால் பொறுப்புகளின் பட்டியலில் ஓர் ஓட்டை விழுகிறது, பார்ப்பவர்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்கள் என்றேன் நான். கடைசியில் யாருடைய பெயரும் காரணமும் இல்லாமல், ‘இடையில் மூன்றாண்டுகள் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து ஆராதித்தார்’ என்ற ஒரே வாக்கியத்தை அக்கா அடித்துக் காட்டினார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது போதும்; தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

படங்களைச் சரிசெய்யும் வேலையில் கடையின் கைத்திறன் நன்று, ரசனை சற்று ஏற்ற இறக்கமானது. 1974ஆம் ஆண்டுத் திருமணப் படத்தில் பூஞ்சை படர்ந்து அப்பாவின் இடது தோளே மறைந்திருந்தது. அதை மீட்டுத் தந்த விதம் உண்மையிலேயே பாராட்டத்தக்கது. ஆனால் அட்டைப் படத்துக்கு, ஆலை அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைக் கொடுத்தபோது, கேட்காமலேயே சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டி, பின்னால் நீல வானத்தையும் சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் விரும்பிக் கேட்பார்களாம். அம்மா அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “கல்யாணத்தன்னைக்கு இரவல் கோட்டு போட்டு வேர்த்துக்கிட்டு நின்னாவ. அதுவே போதும்” என்றார். கோட்டைக் கழற்றினார்கள். முகச் சுருக்கங்களை அழிப்பதும் இவர்களுக்குப் பழக்கம். அதையும் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எழுபத்தெட்டு வயது மனிதர் முப்பது வயதுத் தோலோடு வந்து நிற்பார்.

ஒவ்வொரு படத்தின் கீழும் இடமும் ஆண்டும் இருக்க வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். இடையன்குடி ஆலயத்தின் முன் நாங்கள் நால்வரும் நிற்கும் படத்துக்கு ஆண்டு தெரியவில்லை. தம்பி 1988 என்றான். கால்டுவெல் ஐயர் இறந்து நூறு ஆண்டு ஆகிறது, அவரை அடக்கம் பண்ணியிருக்கும் இடத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று சொல்லி, மூன்று பஸ் மாறி அப்பா கூட்டிப்போனதை அம்மா நினைவுபடுத்தினார். கால்டுவெல் மறைந்தது 1891. ஆகவே படம் 1991. அந்தப் பயணத்தில் பஸ்ஸில் வாந்தி எடுத்தது மட்டுமே எனக்கு நினைவிருந்தது. ஒரு நூற்றாண்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு லீவு எழுதிக் கொடுத்துப் புறப்பட்ட ஆலைத் தொழிலாளி ஒருவர் அந்தப் படத்தில் நிற்கிறார் என்பதை, ஒரு படவிளக்கத்துக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன்.

சமயம் சார்ந்த சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். கடையின் மாதிரிப் பக்கங்கள் எல்லாச் சபையாருக்கும் பொதுவாக அமைக்கப்பட்டவை. அவற்றில் ‘அன்னாரின் ஆத்துமா சாந்தியடைய ஜெபிக்கிறோம்’ என்ற வரி இருந்தது. அக்கா ரோமன் கத்தோலிக்கர். அவர்கள் மரித்தோருக்காக வேண்டுதல் செய்வார்கள், திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள், எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் மரித்தவருடைய வாழ்வுக்காகத் தேவனுக்கு நன்றி செலுத்துவதுதான் வழக்கம். “உங்க ஆளுங்க இதைப் போட மாட்டீங்களே” என்று சொல்லி அவரே அந்த வரியை எடுத்துவிட்டார். வேத வசனத்திலும் இதே சிக்கல். அப்பாவின் கல்லறைக் கல்லில் உள்ள ‘நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்’ என்ற வசனத்தையே மலரின் முதல் பக்கத்திலும் போட விரும்பினோம். கடையின் கோப்பில் இருந்ததோ 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் வாசகம். பொருளில் பிழையில்லை, ஆனால் ஐம்பது ஆண்டுகளாகக் காதில் விழுந்த ஓசை அதில் இல்லை. எங்களுக்குப் பழகிய பழைய வேதாகமத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, அதைப் பார்த்து அடிக்கச் சொன்னோம். கீர்த்தனைகளுக்கும் அப்படியே செய்தோம். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை வாட்ஸாப்பில் வந்த வடிவத்தில் கொடுத்திருந்தேன்; அதில் ஒரு சரணமே காணாமல் போயிருந்தது. 1774இல் இதே திருநெல்வேலியில் பிறந்தவரின் பாட்டை இந்த ஊர் அச்சுக்கடையில் குறையாக அச்சிட்டிருந்தால் அப்பா மன்னித்திருக்க மாட்டார்.

இனி குறைகளுக்கு வருகிறேன். கடையில் பக்க அமைப்பு இன்னமும் ஒருங்குறி வராத பழைய எழுத்துருக்களில்தான் நடக்கிறது. நாம் கைபேசியில் அடித்து அனுப்புவதை அவர்கள் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கும்போது ‘ஸ்தோத்திரம்’ உடைகிறது, கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, ‘ஸ்ரீ’ வரும் இடத்தில் ஒரு கட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதனால் முதல் புரூஃபில், அதாவது பிழை பார்க்கத் தரும் மாதிரிப் பிரதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பிழைகளைக் குறித்தேன். மூன்று புரூஃப் வரை இலவசம்; அதற்கு மேல் பக்கத்துக்குப் பணம். மூன்றும் தேவைப்பட்டன. கையெழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்த பக்கங்களில் பிழை மிகக் குறைவாக இருந்தது என்பதைக் கவனித்தேன். காரணம் எளிது: அவற்றை அக்கா கண்ணால் படித்து அடித்தார்.

பெரிய தவறு நடந்தது அதற்குப் பிறகுதான். மூன்றாவது புரூஃபில் எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆராதனைக்கு இரண்டு நாள் முன்பு புத்தகக் கட்டு வந்தது. மாதிரிக்கு ஒன்றை எடுத்துப் புரட்டிய அத்தை, 42ஆம் பக்கத்தில் நிறுத்தி, “இது யாரு புள்ள?” என்று கேட்டார். அப்பாவுக்குப் பேரப்பிள்ளைகள் ஐவர். பட்டியலில் ஆறு பெயர்கள் இருந்தன. ஆறாவது பெயர் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. வேறொரு குடும்பத்தின் மலருக்காக அமைத்த பக்கத்தின் மேலேயே எங்கள் பட்டியலை ஏற்றியதில் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டாவது புரூஃபில் நான் அடித்துக் காட்டி, மூன்றாவதில் நீக்கப்பட்ட அதே பெயர் அது. பிளேட் எடுக்கப் போனபோது பழைய கோப்பை அனுப்பிவிட்டார்கள். வம்ச அட்டவணையில் ஒரு பெயர் விடுபட்டாலே மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்கும் எங்கள் ஊரில், இல்லாத பேரன் ஒருவன் முளைத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அண்ணாச்சியின் முதல் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெயர்தானே, வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்றார். கையெழுத்திட்ட புரூஃபைக் காட்டிய பிறகு குரல் மாறியது. சிக்கல் என்னவென்றால், நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் வரிசையாக ஒரே தாளில் இருப்பதில்லை. 48 பக்கங்களைப் பதினாறு பதினாறாக மூன்று பாரமாக (மடித்த தாள் தொகுதியாக) அடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுகிறார்கள். 42ஆம் பக்கம் இருக்கும் வெளிப்பாரத்தில்தான் முதல் எட்டுப் பக்கங்களும் இருக்கின்றன. ஆகவே ஒரு பெயருக்காகப் பதினாறு பக்கங்களை மறுபடி அடித்து, முன்னூறு புத்தகங்களிலும் பின்னைப் பிடுங்கி, பாரத்தை மாற்றி, மறுபடி பின் அடிக்க வேண்டியிருந்தது. முழுச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். ஆராதனைக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு, ஆட்டோவில் அக்காவே புத்தகக் கட்டுகளுடன் வந்து இறங்கினார். ஏறக்குறைய முப்பது பிரதிகளில் பழைய பின் குத்திய துளையும் புதிய துளையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. தவறைச் சரிசெய்த விதத்துக்கு நன்றி சொல்கிறேன். சரியான கோப்புக்கும் பழைய கோப்புக்கும் வேறு வேறு பெயர் வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த இரவு யாருக்கும் வந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிளேட்டுக்குப் போகும் கோப்பின் பிரதியை அன்றே கைபேசிக்கு அனுப்பச் சொல்லி, பெயர்கள் வரும் பக்கங்களை மட்டுமாவது இன்னொரு முறை பார்த்துவிடலாம்.

தாளும் அச்சும் கொடுத்த விலைக்கு ஏற்றவை. உள்தாள் 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, கறுப்பு மை சீராக விழுந்திருக்கிறது, மறுபக்கம் தெரியவில்லை. வண்ணப் பக்கங்கள் பதினாறும் 17 முதல் 32 வரை நடுப்பாரத்தில் ஒன்றாக வருகின்றன. படங்களை எழுத்துக்கு இடையிடையே போட முடியாது என்பது இதனால் வரும் ஒரு குறை. அட்டைக்கு மேட் லேமினேஷன் போதும். பளபளப்பு வகை மேசை விளக்கில் கண்ணைக் கூசுகிறது. எழுத்தின் அளவை மட்டும் ஒரு படி கூட்டிக் கேளுங்கள். இந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்தவர்கள்.

மூன்று நாளில் அடக்க ஆராதனைக்கோ உடனடி நினைவுக் கூட்டத்துக்கோ ஏதாவது ஒன்று கையில் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கடையின் 16 பக்கப் புத்தகமே போதுமானது. படிக்கட்டையும் புறாவையும் தவிர்க்கச் சொல்லிவிட்டால் பார்வைக்கும் உறுத்தாது. சொந்தமாகத் தொகுக்கிறவர்கள் ஆறு வாரமாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கினோம். பொங்கலுக்குக் கடை ஐந்து நாள் பூட்டியிருந்தது கணக்கில் வராமல் போயிற்று. போகும்போது வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அக்கா கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. அவர் இல்லாத நாளில் போனால் அது சாதாரண அச்சுக்கடைதான் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்; புதன்கிழமைகளில் அவர் வருவதில்லை.

முன்னூறில் இப்போது என்னிடம் நான்கு பிரதிகள் மீதமிருக்கின்றன. அவற்றில் ஒன்றை அத்தை வாங்கிக்கொண்டு போய், பென்சிலால் ஏழு இடங்களில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவற்றில் ஆறு தேதிகள். ஏழாவது, அப்பாவின் பாட்டைப் பற்றிய பத்தியின் ஓரத்தில் இருக்கிறது: ‘மில்லுக்குப் போறதுக்கு முந்தியும் அண்ணன் இப்படித்தான் பாடுவான்.’ இன்னும் ஐம்பது பிரதிகள் வேண்டுமென்று தம்பி கேட்டிருக்கிறான். கடைக்கு அந்தப் பிரதியைத்தான் கொண்டுபோகப் போகிறேன்.